சுவரைத் தின்றவள்

நேற்று அவள் தின்றது கட்டைவிரல் நகம் அளவுதான். எந்தச் சாமிமேல் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வாள். கட்டிலுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், சுடாத பச்சை மண்கல்லின் மூலையைக் கரண்டிக் காம்பால் சுரண்டி, உதிர்ந்ததை வாயில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். இன்று காலையில் கட்டிலை நகர்த்திப் பார்த்தால், அதே இடத்தில் ஒரு கை முழுதாக நுழையும் பள்ளம். தரையில் ஒரு துகள்கூட இல்லை.

ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹெர்லிந்தா மெல்லக் குந்தினாள். பள்ளத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். எச்சில் பட்டது போல ஈரமாக இருந்தது. வரிவரியாகச் சின்னச் சின்னத் தடங்கள். எலியாக இருக்கும் என்று நினைத்தாள். எலி மண்ணைத் தோண்டி வெளியே தள்ளுமே தவிர, தின்று தீர்க்காது என்பதும் கூடவே தோன்றியது. அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்காமல், பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு விள்ளல் பெயர்த்து நாக்கில் வைத்தாள். கோடையில் முதல் மழை விழும்போது தரையிலிருந்து எழும்புமே, அந்த வாசனை மூக்கின் உள்பக்கமாக ஏறியது. மண் பல்லில் நறநறவென்று அரைபட்டு, குழைந்து, தொண்டையில் வெதுவெதுப்பாக இறங்கியது. வயிற்றுக்குள் பிள்ளை ஓர் உதை விட்டது. அதற்கும் பிடித்திருக்கிறது.

இதற்கெல்லாம் வெட்கப்படுவதை அவள் விட்டு நாளாகிறது. கீழே எஸ்கிபுலாஸ் ஊரில், கறுப்பு ஏசு ஆண்டவர் கோயில் வாசலில், மாதா உருவம் பதித்த வெள்ளை மண்வில்லைகளை அடுக்கி வைத்து விற்கிறார்கள். பிள்ளைத்தாச்சிகள் அதை வாங்கி, சாமியாரிடம் கொடுத்து மந்திரித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து கடித்துத் தின்கிறார்கள். அதை ஒருவரும் கேட்பதில்லை. வில்லையைத் தின்றால் பக்தி, சுவரைத் தின்றால் பைத்தியம். மண் என்னவோ இரண்டும் மண்தான்.

வில்லைகள் இருந்திருந்தால் அவள் சுவருக்கே போயிருக்க மாட்டாள். போன வாரம் நாத்தனார் ஓதிலியா வந்து, அலமாரியில் இருந்ததையெல்லாம் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போய்விட்டாள். ஓதிலியா சுகாதார நிலையத்தில் நர்ஸ். நல்லவள்தான், தனக்குத் தெரியாதது உலகத்திலேயே இல்லை என்று நினைக்கிற நல்லவள்.

"இதுக்குப் பேரு பிக்கா," என்று அன்றைக்குச் சொன்னாள். "ரத்தத்துல இரும்புச்சத்து கம்மியானா மண்ணு, சாம்பலுன்னு கண்டதையும் திங்கத் தோணும். பூச்சி வரும், பிள்ளைக்கு ஆகாது. மாத்திரைய முழுங்கு, ஆசை தானா அடங்கிடும்."

"போன ரெண்டு தடவையும் நீங்க சொன்னதத்தான மதினி கேட்டேன்?"

போன இரண்டு தடவையும் ஹெர்லிந்தா மாத்திரையை முழுங்கினாள், மண்வாசனை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டாள், நாக்கு கெஞ்சக் கெஞ்ச அடக்கினாள். இரண்டு பிள்ளைகளும் ஏழாம் மாதத்தில் மூச்சில்லாமல் பிறந்தன. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு ஊர்க் கல்லறையில் இடமில்லை. எங்கே புதைத்தது என்று தாய்க்குக் காட்டுகிற வழக்கமும் இல்லை. புருஷன் எலீசியோதான் மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான், கை காலைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தான். மார்பில் மட்டும் பதினோரு நாள் பால் சுரந்தது. குடிக்க ஆளில்லாமல் துணி துவைக்கிற தொட்டியில் பீய்ச்சி விட்டாள். இந்தத் தடவை யார் பேச்சையும் கேட்பதில்லை என்று அந்தத் தொட்டியின் பக்கத்தில் நின்றுதான் முடிவு செய்தாள். நாக்கு கேட்டதைக் கொடுத்தாள். இது உதைக்கிறது. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மாத்திரை கொண்டுவந்த ஓதிலியா குடையை மடக்குவதற்குள் பள்ளத்தைப் பார்த்துவிட்டாள்.

"அய்யோ, இது கரண்டி வேலையா, கடப்பாறை வேலையா? அடியே, வீட்டையே தின்னுட்டியேடி! நாளைக்குக் கூரையக் கேப்பியா?"

"கூரை தகரம் மதினி. பல்லுக்கு ஆகாது."

ஓதிலியா சிரிக்கவில்லை. வாசலில் நின்று கத்தி, காப்பித் தோட்டத்திலிருந்து தம்பியை வரவழைத்தாள். எலீசியோ தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தான். திட்டுவான் என்று ஹெர்லிந்தா காத்திருந்தாள். அவன் திட்டவில்லை. பள்ளத்தைப் பார்த்தான். அவள் வாயைப் பார்த்தான். முகம் சாம்பல் பூத்துப்போயிற்று.

"இந்தச் சுவரையா தின்ன?"

"ஏன், வேற சுவருன்னா பரவாயில்லையா?"

அவன் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். "போன வருச மழையில இது விழுந்துச்சுல்ல. திரும்பக் கட்டக் கல்லறுக்க மண்ணு வேண்டியிருந்துச்சு. பின்னால சரிவு முச்சூடும் பாறை. ஒரு எடம் மட்டும் மெத்துன்னு இருந்துச்சு. நான் ஏற்கெனவே ரெண்டு தடவ தோண்டுன எடம்."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஓதிலியா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பெட்டி ரெண்டும் மக்கிப்போச்சு ஹெர்லி. பிரிச்செடுக்க ஒண்ணுமே மிஞ்சல, எல்லாம் மண்ணு. பைன் இலையப் போட்டு..." அவன் தொப்பியைக் கழற்றினான். "போட்டு மிதிச்சுட்டேன்."

ஓதிலியா வாசலுக்கு ஓடி ஓங்கரித்தாள். ஹெர்லிந்தாவின் கடைவாயில் காலையில் தின்ற மண் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. எலீசியோ அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். துப்பிவிடு என்று அவன் கண் கெஞ்சியது. அவள் துப்பவில்லை. நாக்கால் துழாவி எடுத்து, எச்சில் கூட்டி, அவன் பார்க்கவே விழுங்கினாள்.

"என் வயித்துல இருந்ததுங்கதான? என் வயித்துக்கே வந்திருக்குங்க. இதுல நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியச் சுளிக்க என்ன இருக்கு?"

எலீசியோ தண்ணீர்த் தொட்டி கட்டி மிஞ்சிய அரை மூட்டை சிமெண்டைக் குழைத்து வந்து பள்ளத்தை அடைத்தான். அதற்குள் ஓதிலியா வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி நர்ஸாகிவிட்டாள். பிள்ளையின் துடிப்பைக் கேட்கிற மரக்குழலை வயிற்றில் வைத்துக் காது கொடுத்தாள். நெடுநேரம் கேட்டாள்.

"பிள்ளை கடைசியா எப்ப அசைஞ்சுது?"

காலையில். அதற்கப்புறம்? ஹெர்லிந்தா யோசித்தாள். அதற்கப்புறம் இல்லை.

"துடிப்பு இருக்கு. ஆனா மெதுவா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்."

கீழ்ச்சாலையில் ஒரு வீட்டில் பிக்கப் வண்டி இருந்தது. வழியில் மண் சரிந்து கிடந்ததால் எலீசியோ மண்வெட்டியோடு போக வேண்டும். வண்டிக்காரனிடம் கெஞ்ச ஓதிலியா போக வேண்டும். போவதற்கு முன் கரண்டி, கத்தி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். சரிவுக்குப் போய் மண்ணைத் தின்றுவிடுவாளாம்; வெளியே பூட்டும் போட்டார்கள். பூட்டுகிற சத்தம் கேட்டதும் ஹெர்லிந்தாவுக்குக் கோபம் உச்சி வரை ஏறியது. நீங்கள் வெளியே பூட்டினால் நான் உள்ளே தாழ்ப்பாள். இரும்புத் தாழ்ப்பாளை இழுத்து மாட்டிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம்கூட ஆகவில்லை, ஆனால் மழை ஜன்னலை அடைத்துக்கொண்டதில் வீடு இருண்டுவிட்டது. அடுப்பில் ஈர விறகு புகைந்து கண்ணைக் கரித்தது, தகரத்தின் ஓட்டை வழியே சொட்டிய தண்ணீர் பானையில் ஒரே தாளத்தில் விழுந்தது, ஈரச் சிமெண்டின் காரவாடை அறையெல்லாம் நிறைந்து அவளுக்குப் பிடித்த மண்வாசனையை மூடிப்போட்டது. அவள் வயிற்றை இரண்டு கையாலும் பிசைந்து, தட்டி, கூப்பிட்டுப் பார்த்தாள். அசையவில்லை.

முதலில் அது மழையோடு மழையாகத்தான் கேட்டது. பிறகு மழையிலிருந்து பிரிந்து தனியாகக் கேட்டது. நறநற என்று, நிறுத்தி, மறுபடி நறநற என்று, பல்லில் மண் அரைபடும் சத்தம். அந்தச் சத்தத்தை அவளைவிடத் தெரிந்தவர் யார்? இத்தனை நாள் தன் மண்டைக்குள் கேட்டதை இப்போது வெளியே கேட்டாள். சுவருக்குள்ளிருந்து வந்தது.

கட்டிலை விட்டு எழுந்தாள். ஓட நினைத்தாள். கதவு பூட்டியிருந்தது.

ரவிக்கை நனைந்திருந்தது. கூரை ஒழுகலென்று நிமிர்ந்து பார்த்தாள். ஒழுகல் இல்லை. பால். இரண்டு பக்கமும் பால் வழிந்துகொண்டிருந்தது.

அப்போது வயிற்றுக்குள் பிள்ளை நகர்ந்தது. உதைக்கவில்லை. சுவர்ப் பக்கத்திலிருந்து விலகி, முதுகெலும்போடு ஒட்டி, முஷ்டி மாதிரி சுருண்டுகொண்டது. ஹெர்லிந்தாவுக்குப் புரிந்தது. அது ஒளிகிறது.

சிமெண்டுப் பூச்சு நடுவில் குழிந்தது. உள்ளிருந்து உறிஞ்சுவதுபோலக் குழிந்தது. பிறகு உள்பக்கமாகப் போய்விட்டது. விழுந்த சத்தமே இல்லை.

ஓட்டை. ஓட்டைக்கு அப்பால் இருட்டு. சப்புக் கொட்டும் சத்தம்.

ஒன்று. அப்புறம் இன்னொன்று.

அவள் ஓட்டைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஓட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கை தூரம் இருந்தது. இருட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"பசிக்குதா?"

சத்தம் நின்றது.

"ஒரு சொட்டுக் குடுக்க முடியல உங்களுக்கு. ஊர்ப் பேச்சைக் கேட்டேன். தப்புத்தான். பசிச்சா என்னையத் தின்னுங்க, அது நான் உங்களுக்குப் பட்ட கடன்." வயிற்றின்மேல் இடது கையை வைத்து அழுத்திக்கொண்டாள். "ஆனா இதத் தர மாட்டேன். கேட்டுச்சா? நீங்க என் வயித்துப் பிள்ளைங்களா இருந்தாலும் சரி. தர மாட்டேன்."

வலது கையை ஓட்டைக்குள் விட்டாள்.

குளிர். ஈரம். பிறகு உதடுகள். ஆள்காட்டி விரலில் ஒன்று, சுண்டு விரலில் ஒன்று. பல்லில்லாத ஈறு. மெத்தென்று, ஆசையாக, பால் குடிப்பதுபோல இழுத்தன. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "குடிங்க," என்றாள்.

அப்புறம் பல்.

அவள் கத்தவில்லை. தோள்பட்டையைக் கடித்துக்கொண்டாள். கையை இழுக்கவில்லை. நறநற. நிறுத்தம். நறநற. வயிற்றுக்குள் பிள்ளை சுருளை விட்டு மெல்ல விரிந்தது. உதைத்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

வெளியே வண்டியின் ஹாரன். சேற்றில் ஓடும் காலடிகள். பூட்டு திறந்தது. கதவு தாழ்ப்பாளில் மோதி நின்றது.

"ஹெர்லி! தாழ்ப்பாள எடு!" எலீசியோவின் குரல். "ஹெர்லி!"

கையை வெளியே எடுத்தாள். மணிக்கட்டோடு முடிந்திருந்தது. ரத்தம் இல்லை. வலியும் இல்லை. வெட்டுவாயிலிருந்து உலர்ந்த வெள்ளை மண் பொலபொலவென்று மடியில் கொட்டியது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கதவு அதிர்ந்தது. சுவருக்குள் மறுபடி சப்புக் கொட்டும் சத்தம். பிள்ளை சுருண்டது.

ஹெர்லிந்தா இடது கையை உள்ளே விட்டாள்.