பிரியாத துண்டுகள்

வியாழக்கிழமை மாலை அவள் தையற்கடையிலிருந்து திரும்பி, கைகால் கழுவி, காலையில் ஃப்ரீஸரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கி வைத்துவிட்டுப் போன கறிப் பையைப் பிரித்துப் பாத்திரத்தில் கவிழ்த்தபோது, கறி துண்டு துண்டாக விழவில்லை. மொத்தமும் ஒரே கட்டியாகத் தொப்பென்று விழுந்தது.

ஐஸ் இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். விரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் மெத்தென்று உள்ளே போனது. சில்லென்று இருந்ததே தவிர, ஐஸ் எங்கும் இல்லை. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே நகத்தை விட்டுப் பிரிக்கப் பார்த்தாள். நகம் நுழைய இடமில்லை.

அவள் வேலை செய்கிற முறைக்கு இப்படி நடக்க வழியே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கறி வந்ததும் அன்றைக்கே ஒரே அளவாக வெட்டி, கழுவி, வெள்ளைத் துணியில் ஈரத்தை ஒற்றி எடுத்து, ஒரு வேளைக்கு ஒரு பை என்று போட்டு, காற்று போகும்படி உள்ளங்கையால் தட்டையாக்கி, அலமாரியில் புத்தகம் நிறுத்துவதுபோல ஃப்ரீஸரில் வரிசையாக நிறுத்திவிடுவாள். வேலைவிட்டு வந்த களைப்பில் மறுபடி கத்தியைப் பிடிப்பானேன் என்பது அவள் கட்சி. கல்யாணமான நாளிலிருந்து அவள் கட்டிய பையிலிருந்து வெட்டாத கறி வந்ததில்லை.

வேறு வழியில்லாமல் பலகையில் வைத்து வெட்டத் தொடங்கினாள். ஐஸ் விட்ட கறிக்கென்று ஒரு வாடை உண்டு, துருப்பிடித்த ஆணியை ஈரத்துணியில் சுற்றி வைத்ததுபோல. அதற்கு அவள் மூக்கு பழகிப்போயிருந்தது. ஆனால் அன்று கத்தி இறங்க இறங்க எழுந்து வந்து அடுப்படி முழுக்க நின்றது வேறு வாசனை. குனிந்து முகர்ந்தாள். போர்வைக்குள்ளிருந்து அப்போதுதான் எழுந்து வந்த ஒருவரின் கழுத்து வாசனை அது.

"என்ன, கறியோட ரகசியம் பேசுறியா?"

நாத்தனார் வாசற்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள் நடக்கிற சத்தம் இந்த வீட்டில் கேட்பதே இல்லை.

"அண்ணி, ஃப்ரீஸர்ல இருந்த பையை எதுவும் மாத்தி வச்சீங்களா?"

"நானா? நீ அடுக்கி வச்சதை நான் தொட்டா, அதுக்கு ஒரு வாரம் விசாரணை நடக்குமே." சிரித்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். பார்வை அங்கேயே நின்றது. "சின்னதா வெட்டு. சின்னதா வெட்டினாதான் எல்லாருக்கும் வரும்."

நாத்தனார், கணவனுக்கு மூத்தவள். தனியாக இருந்தவள். இவளுக்கு வயிற்றில் பித்தப்பையை எடுத்து ஆபரேஷன் செய்தபோது ஒத்தாசைக்கு என்று ஒரு பெட்டியோடு வந்தாள். தையல் பிரித்தாயிற்று, இவள் வேலைக்கும் போகத் தொடங்கியாயிற்று. பெட்டி மட்டும் மகள் அறையில் கட்டிலுக்கடியில் இருந்தது. இவள் படுத்திருந்த நாட்களில் கறி வாங்கும் வேலை அவள் கைக்குப் போனது, திரும்பி வரவில்லை. டாக்டர் கொஞ்ச காலத்துக்குக் கறி வேண்டாம் என்றிருந்ததால் இவள் சமைப்பாள், பரிமாறுவாள், வாயில் வைப்பதில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் கணவன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். சும்மா உட்கார்ந்திருந்தாலும் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். அன்று அந்தக் கால் அசையவில்லை. மகள் பெயர் வீட்டில் வாலு. ஒரு தட்டு சோற்றுக்கு ஒன்பது புகார் சொல்கிறவள். அவளும் வாயைத் திறக்கவில்லை. நாத்தனாரும் சேர்த்து மூன்று பேரும் சுவரோரப் பெஞ்சில் ஒரே பக்கமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தன.

"இவ்வளவு இடம் இருக்கே, ஏன்டி இப்படி இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க?"

"இங்கதான் சூடா இருக்கும்மா," என்றாள் வாலு, அத்தையின் தோளில் சாய்ந்தபடி.

  ஒரு மாதத்துக்கு முன்பு வரை இந்தப் பெண் ராத்திரி கனவு கண்டு பயந்தால் அம்மாவிடம்தான் ஓடி வருவாள். இப்போது அறைக்கதவு உள்ளே சாத்தியிருக்கிறது. இந்த அம்மாள் ஒத்தாசைக்கு வந்தவள் இல்லை, என் பிள்ளையை எடுத்துக்கொள்ள வந்தவள். அந்த எண்ணம் அன்றுதான் முதல்முறையாக முழு வாக்கியமாக அவளுக்குள் வந்தது.

பையை மாற்றியிருக்கிறாள். வெட்டாத கறியை என் பையில் போட்டு வைத்து, என் கைப்பக்குவத்தைக் கெடுத்து, இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று வீட்டில் பேர் வாங்கித் தரப் பார்க்கிறாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் கறியோடு வந்தாள். இளஞ்சிவப்பாக, கொழுப்பே இல்லாமல், எலும்பே இல்லாமல்.

"எந்தக் கடை அண்ணி?"

"தெரிஞ்ச இடம்."

"தெரிஞ்ச இடம்னா?"

"உன்னால சாப்பிடவே முடியாது. அட்ரஸ் எதுக்கு?"

அவள் கத்தியை எடுத்தாள். வெட்டினாள். மனம் கத்தியில் இல்லாததால் இடது ஆள்காட்டி விரல் நுனியில் ஆழமாக இறங்கிவிட்டது. ரத்தம் கறியில் சொட்டுவதற்குள் கையை இழுத்துக்கொண்டுவிட்டதாகத்தான் நினைத்தாள். துணியைச் சுற்றிக்கொண்டு வேலையை முடித்தாள். பையில் போடும்போது, யாரும் பார்க்காத நேரத்தில், தையற்கடையிலிருந்து கொண்டு வந்த நீல நூலை ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே வளைத்து வளைத்துப் படுக்க வைத்தாள். பை மாறினால் நூல் இருக்காது. நூல் இல்லாவிட்டால் ஆள் அகப்பட்டாள்.

செவ்வாய்க்கிழமை மாலை பையைப் பிரித்தாள். கட்டியாகத்தான் விழுந்தது. புரட்டினாள். நூலைக் காணோம். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட எழுந்தது; கணவனைக் கூப்பிட வாயைத் திறந்தவள், கறியின் ஓரத்தில் ஒரு மயிரளவு நீலம் துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

பிடித்து இழுத்தாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது. சதைக்குள்ளிருந்து, வளைந்து வளைந்து, அவள் படுக்க வைத்த அதே வளைவுகளில். அவளே கட்டிய பை. அவளே வெட்டிய கறி. யாரும் எதையும் மாற்றவில்லை.

பிழைப்பே இரண்டு துணியை ஒன்றாக மூட்டுவதுதான் அவளுக்கு. எவ்வளவு நுணுக்கமாக மூட்டினாலும், பின்பக்கம் திருப்பினால் எங்கே சேர்ந்தது என்று தெரிந்துவிடும். கறியை விளக்குக்கு நேராகத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கத்திலும் தெரியவில்லை. அப்போதுதான் தன் விரலில் சுற்றியிருந்த துணி நழுவிக் கிடப்பதையும் கவனித்தாள். விரல் நுனியில் வெட்டு இல்லை. தழும்பும் இல்லை. ரேகைகள்கூட அறுபடாமல் சுற்றிச் சுற்றி ஓடின.

ஒரு துண்டை மட்டும் வெட்டி டப்பாவில் எடுத்து மூடி ஒளித்து வைத்தாள். மிச்சத்தைத் தெருமுனைத் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டினாள். அன்றைக்கு முட்டை பொரித்தாள்.

"முட்டையா?" என்றார்கள் மூவரும். ஒரே நேரத்தில். ஒரே இழுப்பில்.

யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் தையற்கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு, டப்பாவோடு பழைய கறிக்கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"வாங்கம்மா. எங்க ஆளையே காணோம்? வீட்டோட எல்லாரும் புல்லு திங்க ஆரம்பிச்சுட்டீங்களோன்னு நினைச்சேன்."

"எங்க அண்ணி வந்து வாங்கியிருப்பாங்களே. உயரமா, அமைதியா..."

"உங்க வீட்டுலேருந்து யாரும் வரலையே. பக்கத்துலயும் வேற கடை கிடையாது. நான்தான் இந்த வட்டாரத்துக்கே ஒத்த ஆளு." மூடியைத் திறந்து பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "இது என்ன கறி?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன்."

கட்டையில் வைத்து ஒரே வெட்டு. இரண்டாக விழுந்தது. "நாரு எந்தப் பக்கம் ஓடுதுன்னே தெரியலையேம்மா. எந்த உருப்படியா இருந்தாலும் சதைக்கு ஒரு ஓட்டம் இருக்கும். ஆடோ மாடோ, தொடையோ தோளோ, அதை வச்சுச் சொல்லிடலாம்..." சொல்லிக்கொண்டே கீழே பார்த்தார். நிறுத்தினார்.

கட்டையில் ஒரு துண்டுதான் இருந்தது.

 தெருவில் ஒரு வண்டி மணியடித்துக்கொண்டு போனது. கடைக்காரர் கத்தி நுனியாலேயே அதை டப்பாவுக்குள் தள்ளினார். கை படாமல் மூடினார்.

"கொண்டு போயிடுங்கம்மா. நான் கட்டையைக் கழுவணும்." பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், "வீட்டுல யாரும் சாப்பிடலையே?"

டப்பாவை வழியில் ஓடிய சாக்கடையில் வீசினாள். ஓடினாள். வயிற்றுத் தழும்பு இழுத்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது; வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு போட்டார்கள்; எங்கோ தாளிக்கிற சத்தம், எங்கோ பிள்ளைகள் சண்டை. எல்லா வீடும் வீடாக இருந்தது. வாலுவைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட வேண்டும். துணிமணி வேண்டாம். புத்தகப் பை வேண்டாம். பிள்ளை மட்டும் போதும்.

கதவு சாத்தியிருக்கவில்லை. உள்ளே விளக்கு போடவில்லை. வாசலிலேயே அந்த வாசனை வந்தது. பூண்டு, மிளகு, எண்ணெய், எல்லாவற்றுக்கும் அடியில் கழுத்து வாசனை.

மூன்று பேரும் பெஞ்சில் இருந்தார்கள். முன்னால் ஒரே ஒரு தட்டு.

"சீக்கிரம் வந்துட்ட," என்றான் கணவன்.

"ஃப்ரீஸர்ல இருந்ததை நானே இறக்கிட்டேன்," என்றாள் நாத்தனார். "நேத்து பிள்ளை பட்டினி."

"வாலு, எந்திரி. வெளிய போறோம்."

"சாப்பிட்டு முடிச்சுடறோம்மா."

"இப்பவே எந்திரி."

மகளின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். தோள் எழுந்தது. கூடவே நாத்தனாரின் தோளும் எழுந்தது. அதற்கப்பால் கணவனின் தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது.

சட்டை சிக்கியிருக்கிறது. அப்படித்தான் நினைத்தாள். கையில்லாத கவுனிலிருந்து வெளியே தெரிந்த மகளின் புஜத்தையும், அதை ஒட்டியிருந்த நாத்தனாரின் புஜத்தையும் பிரிப்பதற்காக நடுவே விரலை நீட்டினாள்.

நடுவே என்று ஒன்று இல்லை. மகளின் மாநிறம் மெல்ல மெல்ல அத்தையின் கருப்பாகிப் போய்க்கொண்டிருந்தது. பூனைமயிர் இரண்டு பக்கமும் ஒரே திசையில் படிந்திருந்தது.

விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"பயப்படாதம்மா," என்றாள் வாலு. அவள் குரல்தான். அவள் கண்தான். "வலிக்கவே இல்லை." மகள் எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கையை எப்படி உதறுவது? பெற்ற பிள்ளையின் கை. வெதுவெதுப்பாக இருந்தது. பலமாகப் பற்றி, முழுப் பலத்தோடு, மூன்று பேரோடும் சேர்த்து இழுத்தாள். பெஞ்ச் கிறீச்சிட்டது. நகரவில்லை. அப்படியானால் போய் யாரையாவது கூட்டி வர வேண்டும். கையை விட்டாள்.

விட்டாள். விரல்கள் விரிந்தன. உள்ளங்கை வரவில்லை.

மறுபடி இழுத்தாள். முழங்கை வரை அவள் தோல் இழுபட்டது. எதிரே மூன்று முகங்களிலும் இடது கன்னம் கொஞ்சமாக இழுபட்டது.

"இழுக்காத," என்றான் கணவன், கார் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் பேசுகிற அதே பொறுமையான குரலில். "மெதுவா. உக்காரு. நீயும் சேந்துதான் சாப்பிடணும்."

"எனக்குக் கறி ஆகாது," என்றாள். இதை ஏன் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தான். தன் வாயில் போட்டுக்கொண்டான். நிதானமாக மென்றான்.

அவள் நாக்கில் மிளகு காரம் ஏறியது. பிறகு உப்பு. பிறகு சதையின் இனிப்பு. வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அவள் தொண்டை விழுங்கியது.