வாப்பாவுக்கு அனுப்பிய கேசட்

பேய் பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறவள் நான். எதிரொலி எப்படி உண்டாகிறது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவள். அந்த ஒரு பாடத்தை மட்டும் இப்போது வேறு டீச்சர் தலையில் கட்டிவிட்டேன்.

எண்பத்திரண்டாம் வருஷம். சங்கரன்கோவிலில் எங்கள் அடுத்த வீட்டில் ஜுலைகா பீவி குடியிருந்தாள். கடையநல்லூர்க்காரி. புருஷன் அப்துல் ஜப்பாருக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. அவர் புறப்படும்போது வயிற்றில் இருந்த பிள்ளைதான் ஜெய்னப். லீவு தள்ளித் தள்ளிப் போய், பிள்ளைக்கு மூன்று வயது முடிந்தும் தகப்பன் அவளை நேரில் பார்க்கவில்லை. ஜுலைகாவுக்கு எழுத வராது. அவர் வாங்கி அனுப்பிய டேப்ரிக்கார்டர் முன்னால் மகளோடு உட்கார்ந்து பேசுவாள். அந்தக் கேசட்டை ஊரிலிருந்து தம்மாமுக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவாள். பதிலும் கேசட்டில்தான் வரும். அந்த மனுஷனுக்கு மகள் என்றால் ஒரு போட்டோவும் ஒரு குரலும், அவ்வளவுதான்.

கடைசியாக வந்த கேசட்டில் ஜப்பார் அழுதுவிட்டார்.

"இங்கன மணல்காத்து இரைச்சல் தவிர ஒண்ணும் காதுல விழல, ஜுலைகா. நம்ம பக்கத்து ஆத்துத் தண்ணி சத்தத்தையும் பிள்ளை சத்தத்தையும் சேத்துப் பிடிச்சு அனுப்பு. அதைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

அவள் அதைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவர் மனம் உடைந்து ஏதாவது செய்துகொள்வாரோ என்ற பயம். எனக்கும் பாவமாக இருந்தது. அரையாண்டு விடுமுறையில் என் வீட்டுக்காரர் பிரபுதாஸையும் இழுத்துக்கொண்டு, நாலு பேருமாகப் புளியங்குடிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து மேற்கே மலையடிவாரத்துக்குப் போனோம்.

மரம் அடர்ந்த பள்ளத்தாக்கு அது. ஆற்றை ஒட்டியே கல் பதித்த நடைபாதை போகும். சின்னப் பிள்ளைகளும் பயமில்லாமல் நடக்கலாம். லீவு நாளில் குடும்பம் குடும்பமாகச் சோறு கட்டிக்கொண்டு வருவார்கள். அன்றைக்கு ஏனோ ஒரு ஆள் இல்லை. குரங்குகூட இல்லை. மழைக்காலம் முடிந்த சமயம், இலையெல்லாம் தழைத்துக் கிடந்தது. உள்ளே போகப் போக வெளிச்சம் பச்சையாகக் குறைந்தது. பாசி வாடையோடு இன்னொரு வாடையும் வந்தது. கைப்பிள்ளை கக்கிய பால் புளித்த வாடை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆறு வளைகிற இடத்தில் சிமெண்ட் பெஞ்சு ஒன்று கிடந்தது. பிரபுதாஸ் டேப்ரிக்கார்டரை அதன்மேல் வைத்துப் பொத்தானை அமுக்கினார். கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் பதிவாகட்டும் என்று வாய்மூடி நின்றோம். பிறகு ஜுலைகா கூப்பிட்டாள்.

"மக்கா, இங்கன வா. வாப்பா உன்னியத் தேடுதாக. வாப்பாகிட்டப் பேசு, வா."

ஜெய்னப் ஓடி வந்து சலாம் சொன்னாள். "வாப்பா, எப்ப வருவீங்க?" என்று கேட்டாள். ஜுலைகா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

எலுமிச்சம்பழச் சோற்றைப் பிரித்து உட்கார்ந்தோம். பிரபுதாஸுக்குச் சும்மா இருக்க முடியாது. ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று டேப்பைச் சுற்றி, சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டார். பள்ளத்தாக்கு முழுவதும் ஜுலைகாவின் குரல் போய் முட்டியது.

"...வாப்பாகிட்டப் பேசு, வா."

எதிர்க்கரை மூங்கில் புதரிலிருந்து பதில் வந்தது.

"வாரேன் உம்மா."

ஜெய்னப் என் மடியில் இருந்தாள். அவள் வாய் நிறையச் சோறு.

"எதிரொலி," என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன், டேப்பில் அந்த வார்த்தையே கிடையாது.

"சார், அதை நிப்பாட்டுங்க," என்றாள் ஜுலைகா.

அவர் பதற்றத்தில் பொத்தானை மாற்றி அமுக்கி, டேப் பின்னால் ஓடி, மறுபடியும் அதே இடம் பாடியது. "மக்கா, இங்கன வா."

"வாரேன் உம்மா."

இந்தத் தடவை ஆற்றின் நடுவிலிருந்து.

அங்கே ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் மட்டும் ஓரிடத்தில் விலகி விலகி, கரையைப் பார்த்து வந்தது.

ஜுலைகா பிள்ளையைப் பிடுங்கி நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். சோற்றை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பினோம். நான் பத்தடி தள்ளித் திரும்பிப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. காய்ந்திருந்த பெஞ்சின்மேல் சின்னச் சின்ன ஈரப் பாதங்கள். டேப்ரிக்கார்டர் இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருந்தன.

வழி நெடுக அதைக் கவனித்தேன். கல்லில் புதிது புதிதாக ஈரம் விழுந்தது. ஜுலைகாவின் பின்னால் இல்லை. டேப்ரிக்கார்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் போன என் வீட்டுக்காரரின் காலடிக்குப் பின்னால்.

கர்த்தாவே, கர்த்தாவே என்பதைத் தவிர வேறு ஜெபம் எனக்கு வாயில் வரவில்லை. தார் ரோட்டைத் தொட்டதும் ஈரம் நின்றுவிட்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, தப்பித்தோம் என்று நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கேசட்டை முழுக்கப் போட்டுக் கேட்டோம். தண்ணீர், தாய் குரல், பிள்ளை குரல். வேறொன்றும் இல்லை.

"இது வேண்டாம்டி. வேற பேசி அனுப்பு," என்றேன்.

"அவுக அங்கன தூக்கமில்லாமக் கிடக்காகளே, டீச்சரக்கா. இதுல நம்ம பிள்ளை சத்தம் மட்டுந்தான இருக்கு?" என்றாள். அந்த வாரமே கடையநல்லூரிலிருந்து தம்மாம் புறப்பட்ட ஒருவர் கையில் கேசட் போனது.

பதில் வர மாசி மாதம் ஆகிவிட்டது. நான் அவள் வீட்டில் இருந்தபோதுதான் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜுலைகா மகளை மடியில் வைத்துக்கொண்டு ஆசையோடு போட்டாள்.

ஜப்பாரின் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. ஆனால் குளிரில் பேசுகிறவரைப் போல அவருக்குப் பல் தட்டியது. அவர் பேச்சுக்குப் பின்னால் நிற்காமல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஜுலைகா, நான் பிள்ளை சத்தத்தைத்தான் கேட்டேன். நீ பிள்ளையவே அனுப்பி வச்சிட்டியே! ராத்திரியெல்லாம் எம்மேலதான் படுத்துக் கிடக்கா. எவ்வளவு துடைச்சாலும் தலை ஈரம்தான் காய மாட்டேங்கு. இப்ப உம்மாகிட்டப் போணும்னு ஒரே அழுகை. லீவு எழுதிக் குடுத்துட்டேன். இந்த மாசமே கூட்டிட்டு வாரேன்."

ஜுலைகாவின் கை பொத்தானைத் தேடியது. அதற்குள் டேப்பில் அவர் யாரிடமோ கொஞ்சுவது கேட்டது. "உம்மாகிட்டச் சொல்லு, மக்கா."

"வாரேன் உம்மா."

அதே குரல். மைக்கை ஒட்டி.

மடியில் இருந்த ஜெய்னப் தாயின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அப்படிச் சொல்லலியே, உம்மா," என்றாள்.