குடையைத் தூக்கினால் வருவார்கள்

மனித குலம் இரண்டே வகைதான்: வழிநடத்துகிறவர்கள், பின்னால் போகிறவர்கள். கண்டங்களைக் கண்டுபிடித்தவர்கள் முதல் வகை. அவர்கள் கண்டுபிடித்த இடத்தில் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் இரண்டாம் வகை. வரலாறு முதல் வகையினரின் முதுகெலும்பின் மேல்தான் நிமிர்ந்து நிற்கிறது.

இந்த உண்மையை டைரக்டர் தம் மனைவிக்கு அறிவித்தது, உல்லாசக் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்துக்கு வழி தெரியாமல் ஒரே தாழ்வாரத்தை மறுபடி மறுபடி சுற்றி வந்து, கடைசியில் துடைப்பத்தோடு நின்ற பணியாளரிடம் வழி கேட்ட பிறகு.

டைரக்டர் என்றால் சினிமா டைரக்டர் அல்ல. நில அளவைத் துறையில் துணை டைரக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற நாளில் கழுத்து மாலையோடு சேர்த்து அந்தத் 'துணை'யையும் கழற்றிப் போட்டுவிட்டார். மனைவி மின்சாரப் புகார் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து, விளக்கெரியாத ஊரின் கோபத்தை எல்லாம் ஒற்றை ஆளாக வாங்கிக்கொண்டவள். ஆனாலும் தெருவுக்கு அவள் டைரக்டரம்மாதான். அந்தப் பெயர் அவளுக்கு நெருஞ்சி முள். கணவரின் விளக்கவுரைகளுக்கு வீட்டில் ஒரே ரசிகையும் அவள்தான். பிள்ளைகள் வளர்ந்து தப்பித்துவிட்டார்கள்.

கப்பல் துறைமுகத்தைத் தொட்ட அன்று காலை, டூர் மேசையில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு கேட்டாள்: "சார், பஸ் டூருக்கு இன்னும் ரெண்டு சீட் இருக்கு. போட்டுடவா?"

"நாங்க மந்தை இல்லைம்மா," என்றார் டைரக்டர். "கொடியைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் போவான், பின்னாடியே கழுத்தை நீட்டிக்கிட்டு நாங்க போகணுமா? எங்க பிளான் தனி."

"தனியாப் போறது உங்க இஷ்டம் சார். ஆனா நாங்க கூட்டிட்டுப் போனா, லேட்டானாலும் கப்பல் நிக்கும். நீங்களாப் போனா நிக்காது."

"கேட்டுக்கங்க," என்றாள் மனைவி.

"கப்பலுக்கு நேரம் சொல்லிக் கொடுக்கிறவன் நான். எங்க போறோம் தெரியுமா? குன்று மேல இருக்கிற பழைய ஆஸ்பத்திரி. அந்தக் காலத்துல கப்பல்ல வந்த நோயாளிங்களை ஒதுக்கி வச்ச இடம். உங்க டூர்ல அது இல்லவே இல்லை. ஏன்? ரசனை கிடையாது!"

பெண்ணின் சிரிப்பு, ஃப்யூஸ் போனது போல அணைந்தது.

"அங்க நாங்க யாரையும் கூட்டிட்டுப் போறதில்லை சார்," என்றாள். "இப்போ இல்லை."

துறைமுக வாசலில் பிடித்த டாக்சிக்காரர் நல்ல பேச்சுக்காரர். ஆனால் குன்றுப் பாதையில் திரும்பியதும் வாயை மூடிக்கொண்டார். மேகம் தாழ்ந்து வந்து, பட்டப்பகலிலேயே பாதை மங்கியது. துருப்பிடித்த கேட்டுக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்தினார்.

"இதுக்கு மேல வண்டி வராதுங்க. உள்ள சும்மா சுத்திப் பார்த்துட்டு வந்துடுங்க. ஒண்ணும் ஆகாது. ஆனா ஐயா, முன்னாடி நின்னு எதையாவது தூக்கிப் பிடிச்சுக்கிட்டு விளக்கம் மட்டும் சொல்லாதீங்க."

டைரக்டருக்கு இது தனிப்பட்ட தாக்குதலாகவே பட்டது. "ஏன் சொல்லக் கூடாது?"

"முன்ன ஒரு கப்பல் கூட்டம் வந்துச்சு. கைடு ஒருத்தரு கொடியைத் தூக்கிக்கிட்டு, கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கிட்டே பின்பக்கமா நடந்தாரு. கடைசி வார்டுக்குக் கீழ பெரிய தண்ணித் தொட்டி. மேல போட்ட பலகை இத்துப்போயிருந்திருக்கு. தொப்புனு விழுந்தாரு."

"ஐயோ. மத்தவங்க?" என்றாள் மனைவி.

"பின்னாலேயே போயிட்டாங்கம்மா."

டைரக்டர் சிரித்தார். "மந்தை! நான் என்ன சொன்னேன்?"

"கைடுக்கு நீச்சல் தெரியும்," என்றார் டாக்சிக்காரர், அவர் சிரிப்பைக் கண்டுகொள்ளாமல். "ஏறி ஓடிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கூட்டத்துக்கு முன்னாடி போக ஆளில்லை."

உள்ளே நுழைந்ததும் முதலில் வந்தது குளிர். கல் சுவர்களில் பிடித்த பாசி, தொட்டால் விரலோடு வந்தது. நீள நீளமான வார்டுகள், ஒன்றின் வயிற்றுக்குள் இன்னொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இருபுறமும் மெத்தையில்லாத இரும்புக் கட்டில்கள். ஜன்னல்களைச் செடிகொடி அடைத்திருந்ததால் வெளிச்சம் பச்சையாக, நோய்பிடித்ததாக இருந்தது. எங்கோ ஒரு துளி தண்ணீர் விழுந்தது. வெகுநேரம் யோசித்துவிட்டு இன்னொரு துளி விழுந்தது.

டைரக்டர் தொண்டையைச் செருமினார்.

"சும்மா பார்த்துட்டுப் போவோம்," என்றாள் மனைவி. "அவரு சொன்னாரில்ல."

"டாக்சிக்காரன் சொல்றதைக் கேட்டு வரலாற்றை மூடி வைக்க முடியுமா?" என்று, கையிலிருந்த கறுப்புக் குடையை உயர்த்தி விட்டத்தைக் காட்டினார். "இந்தக் கட்டடத்தோட அஸ்திவாரத்தை எடுத்துக்கிட்டா..."

அவர் அஸ்திவாரத்தை எடுத்துக்கொண்டார். மனைவி வழக்கம்போல முகத்தை அவரிடம் விட்டுவிட்டு மனசை வேறெங்கோ அனுப்பினாள்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

ஈரத்துணி வாசனை. அதற்குள்ளே இன்னொன்று, இனிப்பாக, கொழகொழவென்று. கப்பலின் நீச்சல் குளத்தருகே எல்லோர் மேலும் அடிக்கிற, வெயிலுக்குப் பூசிக்கொள்ளும் கிரீமின் வாசனை.

இந்த இருட்டில் எந்த வெயிலுக்கு?

சளக்.

பின்னால் ஒரு காலடி. தண்ணீர் நிறைந்த ஷூவை அழுத்தினால் வருகிற சத்தம்.

சளக். சளக்.

ஒன்றல்ல.

அவள் திரும்பவில்லை. கணவரின் முகத்தைப் பார்த்தாள். அதில் பயமில்லை, அதைவிட மோசமான ஒன்று இருந்தது. அவர் முகம் மலர்ந்துகொண்டிருந்தது. கல்யாணத்தன்றுகூட அந்த மலர்ச்சியை அவள் பார்த்ததில்லை.

"வாங்க, வாங்க," என்றார் அவர், அவள் தோளுக்கு மேலே பார்த்து. "முன்னாடி வந்து நில்லுங்க. எல்லாருக்கும் கேட்குதா?"

அவளுடைய இரு பக்கமும் ஈரமான சட்டைக் கைகள் உரசிக்கொண்டு போயின. ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டது போல இருந்தது. வெள்ளைத் தொப்பிகள். கழுத்தில் தொங்கிய கேமராக்கள். அவற்றின் கண்ணாடிக்குள் தண்ணீர் தளும்பியது. கிரீம் பூசிய முகங்கள் வெளுத்து, ஊறி, பேச்சின் ஒவ்வொரு சொல்லுக்கும் மெல்லத் தலையாட்டின.

யாரும் கொட்டாவி விடவில்லை. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. டைரக்டருக்கு வாழ்நாளில் இப்படி ஒரு சபை அமைந்ததில்லை.

"என்னங்க," என்று கிசுகிசுத்தாள். "அவங்க காலைப் பாருங்க. தண்ணி கொட்டுது."

"ஷ்ஷ். நடுவுல பேசாதே. கேட்கத் தெரிஞ்ச ஜனங்க, பார்த்துக் கத்துக்கோ."

அவர் குடையைத் தூக்கிப் பிடித்தபடி, கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே, பின்பக்கமாக ஓர் அடி வைத்தார்.

கூட்டம் முன்பக்கமாக ஓர் அடி வைத்தது.

சளக்.

அவருக்குப் பின்னால் அந்தக் கடைசி வார்டு. அதன் நடுவில் தரை இல்லை. உளுத்த பலகைகளுக்கு நடுவே ஒரு கறுப்பு, அசையாத கறுப்பு. அந்தத் துளி விழுந்துகொண்டிருந்தது அதற்குள்தான்.

"நில்லுங்க! பின்னாடி பாருங்க!"

அவள் கத்தியது அவருக்குக் கேட்டது. கேட்டும், கூட்டத்தில் அழுகிற குழந்தையின் தாயைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துவிட்டு, கட்டடத்தின் காற்றோட்ட அமைப்பை விளக்கத் தொடங்கினார். இன்னோர் அடி.

கூட்டத்துக்கு அவரைக் கொல்லும் எண்ணமெல்லாம் இருந்ததாகத் தெரியவில்லை. யாராவது முன்னால் போக வேண்டும், அவ்வளவுதான். போகிறவர் எங்கே போகிறார் என்பதில் அவர்களுக்கு அபிப்பிராயமே கிடையாது.

வெகுதூரத்தில், கீழே, கப்பல் சங்கு ஊதியது.

அந்தச் சத்தத்துக்கு எல்லாத் தொப்பிகளும் ஒரே சமயத்தில் துறைமுகத்தின் பக்கம் திரும்பின. ஒரு கணம்தான். அந்தக் கணத்தில் ஊறிப்போன அந்த முகங்களில் தெரிந்ததை அவள் முன்பே பார்த்திருக்கிறாள், தினமும், கவுண்டர் கம்பிக்கு அந்தப் பக்கம். இருட்டு வீட்டிலிருந்து கிளம்பி வந்து, யாராவது ஏதாவது சொல்லுங்களேன் என்று நிற்கிற முகம்.

டைரக்டரின் குதிகால் முதல் பலகையை மிதித்தது. பலகை முனகியது.

அவளுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. அதைப் பயம் என்று சொல்ல முடியாது. அது முப்பது வருஷக் கோபம்.

"நகருங்க!" என்று இரண்டு முழங்கைகளாலும் பிளந்துகொண்டு போனாள். குளிர் எலும்பு வரை ஏறியது. ஏறட்டும். கணவரின் சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பலகை உடைந்து உள்ளே போனது. தண்ணீரில் அது விழுந்த சத்தம் கேட்கவே நேரமாயிற்று.

அவர் குழியைப் பார்த்தார். பிறகு தம் ரசிகர்களை, முதல்முறையாக, உண்மையில் பார்த்தார். வாய் திறந்தது. பிடி தளர்ந்து குடை நழுவியது.

குடை இப்போது அவள் கையில் இருந்தது.

அத்தனை முகங்களும் அவளைப் பார்த்தன. சளக். ஓர் அடி நெருங்கின.

"அங்கேயே நில்லுங்க," என்றாள். "இவரு உங்க கைடு இல்லை. என் வீட்டுக்காரரு. முப்பது வருஷமா இந்தப் பேச்சை உட்கார்ந்து கேட்டவ நான். நானே இவரை எந்தக் கிணத்துலயும் தள்ளலை. நேத்து வந்த நீங்க யாரு தள்ள?"

துளி விழுவதும் நின்றுவிட்டிருந்தது.

"கப்பலுக்குத்தானே போகணும்? சும்மா மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நின்னா எப்படி? வரிசையா வாங்க. முண்டக் கூடாது. முன்னாடி நான் பார்த்துதான் நடப்பேன், உங்களைப் பார்த்துக்கிட்டு இல்லை."

குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்துச் சுவரோரமாக நடக்க ஆரம்பித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வார்டு வார்டாக அந்தச் சத்தம் அவளுக்குப் பின்னால் வந்தது. வரிசையாக. முண்டாமல்.

வரிசையின் முதல் ஆளாக டைரக்டர் வந்தார்.

கேட்டுக்கு வெளியே வண்டியில் சாய்ந்து நின்ற டாக்சிக்காரர், உயர்த்திய குடையையும் அதற்குப் பின்னால் இருந்ததையும் பார்த்தார். கூலியைக்கூடக் கேட்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

"நடந்துதான் போகணும்," என்றாள் அவள், எல்லோருக்கும் பொதுவாக.

துறைமுகச் சரிவில் வெயில் அடித்தது. உலர்ந்த சாலையில், அவர்கள் இருவருக்கும் பின்னால், ஈரமான காலடித் தடங்கள் ஒவ்வொன்றாகப் பூத்து, உலராமல் கிடந்தன. டைரக்டர் வழியில் ஒரே ஒருமுறைதான் வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் வேகமாப் போயேன்," என்றார் மெல்ல. "யாரோ என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு வர்றாங்க."

"பிடிச்சா பிடிச்சுக்கிட்டுப் போறாங்க. தொலைஞ்சுபோக மாட்டீங்க."

கப்பல் படிக்கட்டை இழுக்க ஆட்கள் தயாராக நின்றார்கள். காவலாளி அவர்கள் அட்டைகளைக் குனிந்து பார்த்தபடியே, "சீக்கிரம் ஏறுங்கம்மா, பின்னாடி எவ்வளவு பேரு நிக்கிறாங்க பாருங்க," என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். பிறகு அட்டைகளைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தார்.

படிக்கட்டு, இரண்டு பேருக்கு முனக வேண்டிய அளவைவிட அதிகமாகவே முனகியது. மேலே, லிஃப்டில் அவர்கள் இருவர் மட்டும் ஏறினார்கள். எடை அதிகம் என்று லிஃப்ட் அலறியது. டைரக்டர் இறங்கிப் பார்த்தார். அப்படியும் அலறியது.

அதற்குப் பிறகு வந்த ஊர்களில் டைரக்டர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. கட்டிலில் போர்த்திக்கொண்டு, ஜன்னல் வழியே கடலை ரசிப்பதாகச் சொன்னார். அவள் தனியாகவே இறங்கினாள். தானே வரைபடம் பார்த்து, தானே பேரம் பேசி, பிடித்த தெருவில் நின்று, பிடிக்காத அரண்மனையைத் தாண்டிப் போனாள். முதுகில் அந்த ஈரக் குளிர் பட்டபோதெல்லாம், "வந்தா வாங்க, இல்லைன்னா கப்பல்லயே இருங்க," என்று நடையைக் குறைக்காமல் சொன்னாள். அவர்கள் வந்தார்கள். கண்ணாடிக் கதவுகள், அவள் போன பிறகும் வெகுநேரம் மூடிக்கொள்ளாமல் நின்றன. அவள் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை.

பயணம் முடிந்து வீடு திரும்பி மழைக்காலமும் வந்துவிட்டது. தெருவில் இப்போது யாரும் அவளை டைரக்டரம்மா என்று கூப்பிடுவதில்லை. எதிரே வந்தால் ஏனோ ஓரமாக ஒதுங்கி, நிறையப் பேருக்கு வழி விடுவது போல நிற்கிறார்கள். அவளுக்கு அதில் பயமும் இல்லை, வருத்தமும் இல்லை.

கழிப்பறைக் கதவைச் சாத்துவதற்கு முன்னால் மட்டும் கொஞ்சம் காத்திருந்து, உள்ளே வந்துவிட்டவர்களை வெளியே அனுப்ப வேண்டியிருக்கிறது.