அழகமுத்துவின் மைக்

மூன்றாவது தடவையாக அந்தத் தோட்ட லயத்து வீட்டு வாசலில் போய் நின்றபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. புளத்கொகுபிட்டியவில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். திரீவீல்காரன் பாதி வழியிலேயே கைவிரித்துவிட்டான். மிச்சத் தூரம் முழுக்க றப்பர் காட்டுக்குள்ளால் அட்டைக்கடியோடு நடை. ஒரு கையில் அங்கே வாங்கிய மைக், மறு கையில் பெட்டரியில் ஓடும் என் சின்ன அம்பிளிபயரும் ஸ்பீக்கரும்.

நான் கபூர். வரக்காப்பொலயில் ரேடியோ, டீவி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பழைய மைக் சேர்ப்பது என் பைத்தியம். ஆனால் பேசுகிற மைக் மட்டும்தான் வேண்டும். பேசாததை அலுமாரியில் வைத்து அழகு பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது.

இதுவோ நாற்பது வருடப் பழசு. முகப்பில் விலா எலும்பு மாதிரிக் கம்பிகள். இந்த வீட்டில் வைத்துப் பேசினால் குரல் கணீரென்று வரும். என் கடைக்குக் கொண்டுபோனால் மூச்சே இராது. திறந்து பார்த்தேன், மீற்றர் வைத்தும் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. வேலியில் போன ஓணானை மடியில் விட்ட கதைதான்.

கதவைத் திறந்த கருப்பாயியின் முகம் பையைக் கண்டதும் கறுத்தது. றப்பர் பால் வெட்டி ஓய்ந்த மனுசி, தனியாக இருக்கிறாள்.

"ஐயோ மொதலாளி, திரும்பவும் கொண்டாந்துட்டீங்களா?"

"கொண்டு வராம? செத்த மைக்க என் தலையில கட்டிட்டீங்களேம்மா!"

பேச்சோடு பேச்சாக வயரைச் செருகினேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பகலே இருட்டி, பள்ளத்திலிருந்து ஈர மண் வாசமும் புளித்த றப்பர் பால் வாசமும் வீட்டுக்குள் ஏறி வந்தன. கருப்பாயி வாசலுக்குப் போய், பள்ளத்தைப் பார்த்து ஏதோ மெல்லச் சொன்னாள்.

"ஹலோ" என்றேன். கணீரென்று வந்தது.

"இப்ப என்னமோ சொன்னீங்களே, என்னம்மா அது?"

அவள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு அழகமுத்து, கோயிலுக்கு மைக் செட் போடுறவரு. கோயிலு கீழ பள்ளத்துல. ஹோன் ஸ்பீக்கரு மேல, இந்த மரத்துல. அவரு கீழ இருந்து 'கேக்குதா'ன்னு கேப்பாரு. நா ஹோனுக்கு அடியில நின்னு 'கேக்குதுங்க'ன்னு கத்துவேன். திருவிழா அன்னிக்குப் பேய் மழ. நா தொண்ட கிழியக் கத்துனேன் மொதலாளி. அவருக்குக் கேக்கல. மண்ணு சரிஞ்சப்பவும் அவரு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு."

"அதுக்கும் மைக்குக்கும் என்ன?"

"அவரு கையோட தோண்டி எடுத்தது இதத்தான். மழ பேஞ்சா இன்னமும் கேக்குறாரு. பதில் சொன்னாத்தான் அது வாயத் தொறக்கும். மக சுகந்தினி நிவித்திகலயில இருக்கா, வா வான்னு அழுவுறா. இத விட்டுட்டு எப்புடிப் போறது? அதான் ஒங்ககிட்ட வித்தேன்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நீங்க மகள்ட்ட போங்கம்மா. பதில் சொல்றதுதானே? நா சொல்லிக்கிறேன்" என்றேன். மகளின் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்து அழுதாள். அந்தக் கிழமையே போய்விட்டாளாம்.

கடையில் மறுபடி அதே கரச்சல். மழை கொட்டுகிறது, மைக் ஊமை. ஹலோ சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கடைசியில் எரிச்சலில், "கேக்குது! போதுமா?" என்று கத்தினேன்.

ஸ்பீக்கர் மெல்ல இரைந்தது. யாரோ மூச்சு விட்டார்கள்.

அதன் பிறகு மைக் அருமையாக வேலை செய்தது. ஒரு நாள் முழுக்க அதில் பேசிப் பேசிச் சந்தோஷப்பட்டேன். மறுநாள் மழை வந்தது.

"கேக்குதா?"

தொண்டையில் மண் அடைத்த குரல்.

வயரைக் கழற்றினேன்.

கேட்டது.

அம்பிளிபயரை அணைத்தேன்.

கேட்டது.

எங்கள் சப்ரகமுவ மாகாணத்தில் மழை இல்லாத நாள் ஏது? டீவி திருத்த வந்தவர்கள் முன்னால் சுவரைப் பார்த்துக் "கேக்குது, கேக்குது" என்று கத்த வேண்டியதாயிற்று. "யாரோட கத்துறீங்க? ஒங்களுக்கென்ன பைத்தியமா?" என்று என் மனைவி பளீலா தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கிழவி நிம்மதியாக இருக்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன்.

பிறகொரு நாள், நான் "கேக்குது" என்ற பிறகும் அது விடவில்லை.

"யாரு நீங்க?"

என் கையிலிருந்த ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் நழுவி விரலைச் சுட்டது.

"கருப்பாயி எங்க?"

சோற்றில் கை வைத்தேன், கேட்டது. தொழுகைக்கு நின்றேன், கேட்டது. அன்று மழை விடவேயில்லை.

"கருப்பாயி எங்க?"

"கருப்பாயி எங்க?"

எனக்குப் பொறுமை வெடித்துவிட்டது. "நிவித்திகலயில! மகள் வீட்டுல! அங்க போய்க் கேளு, என்ன விடு!"

மழைச் சத்தம் மட்டும் தகரத்தில் விழுந்தது. மைக்கை எடுத்து "ஹலோ" என்றேன். ஊமை. அல்ஹம்துலில்லாஹ் என்று கதிரையில் சாய்ந்து ஒரு பிளேன்டீ குடித்தேன். பாதி குடித்த பிறகுதான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்பது மண்டையில் ஏறியது. பாவி வாய்! போனைப் பாய்ந்து எடுத்தேன்.

சுகந்தினி பதற்றமாகப் பேசினாள். "அம்மா வெளிய நிக்கிறாங்க மொதலாளி, கொட்டுற மழையில. கூப்பிட்டாலும் வர மாட்டேங்கிறாங்க. எதிர்மலையப் பாத்து என்னமோ கத்துறாங்க."

"அங்க வேற ஏதும் சத்தம் கேக்குதா, புள்ள?"

அவள் கொஞ்ச நேரம் காது கொடுத்தாள்.

"யாரோ மைக் டெஸ்ட் பண்றாங்க. ஆனா இந்தப் பக்கம் கோயிலு ஒண்ணும் இல்லீங்களே… ஐயோ, அம்மா! எங்க போறீங்க?"

போன் எங்கோ விழுந்தது. அதற்குள்ளால் மழை இரைந்தது. ஓடுகிற காலடி, ஒரு மகளின் கூச்சல், பிறகு அதுவும் தூரமாகிப் போனது.

போனை வைக்க எனக்குக் கை வரவில்லை.

அதில் அந்தக் குரல் வந்தது. இப்போது தொண்டையில் மண் இல்லை.

"கேக்குது கருப்பாயி. எறங்கி வா."