சாட்சி எலி

ஆய்வாளர் வருவதற்குள் எலிக்கு நோய் வந்தாக வேண்டும். ஜெசிந்தா கூண்டுக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள்.

உலைநகரில் வீட்டுக்கு வீடு அரசு கொடுத்த சாட்சி எலி உண்டு. வீட்டார் சுவாசிக்கும் காற்றையே அதுவும் சுவாசிக்கும். ஆய்வாளர் கையில் தூக்கி வரும் காந்தக்கூடு அதன் மூச்சைப் பின்தொடர்ந்து, நுரையீரல் அசையாத கணங்களை மட்டும் சேர்த்துப் படமாக்கும். கடுகினும் சிறிய காற்றறைகூடத் தப்பாது. மனிதரைப் படமெடுக்கும் பெரிய கூடு நகரத்துக்கே ஒன்றுதான். நோய் கண்டு எலிப்படம் சிவந்தால்தான் அந்த வீட்டாருக்கு அங்கே முறை கிடைக்கும்.

ஆனால் ஒரு வீடு சிவந்தாலும் தெருவின் பெயர் கெடும். குடிவர ஆள் வராது, பெண் கொடுக்க மாட்டார்கள். அதனால் தெருவே எலிக்கூண்டுகளில் காற்றுவடிகட்டியை மாட்டிவைத்திருந்தது. ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா? ஜெசிந்தாவும் மாட்டினாள். மகள் மெர்லினுக்கு இருமல் பிடித்த பிறகுதான் புத்தி வந்தது. யாருக்கும் தெரியாமல் அதைக் கழற்றிப் பரணில் போட்டாள்.

“இன்னாடி, உன் வடிகட்டிப் பொட்டி சத்தமே காணோம்?” பக்கத்து வீட்டு அம்சா எட்டிப்பார்த்தாள். “ஆபீசர் வர்ற நேரம். என் பொட்டியத் தரட்டா?”

“வேணாங்கா. வர்றது வரட்டும்.”

வந்தது. காந்தக்கூட்டின் திரை சிவந்தபோது ஜெசிந்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து பொங்கின.

“சார், என் கொயந்தைக்கு எப்போ சார் முறை?”

ஆய்வாளர் மற்ற வீட்டுப் படங்களைப் புரட்டினார். “தெருவுல எல்லா எலியும் பளிச்சுனு இருக்கும்மா. உங்களுது மட்டும்தான் செவப்பு. இது காத்தோட குத்தமில்ல, வளர்ப்போட குத்தம். இதுக்கு முறை கிடையாது.”

“அவங்கள்லாம் பொட்டி மாட்டிக் காப்பாத்துறாங்க சார்! கேட்டுப் பாருங்க!”

வாசலில் கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அம்சா தரையைப் பார்த்தாள். உள்ளே மெர்லின் விடாமல் இருமினாள்.

ஆய்வாளர் இரக்கமுள்ளவர்தான். எலியைத் தடவி உச்சுக்கொட்டினார். அதன் முகத்தில் குட்டி மூச்சுக்கவசம் ஒன்றை மாட்டினார்.

“பாவம், வாயில்லா ஜீவன். இதை மலைக்கு அனுப்பிடுறோம், நல்ல காத்துல தேறிடும். வேற எலி வரும். அதையாவது ஒழுங்காப் பாத்துக்குங்க.”

அவர் போனதும் ஜெசிந்தா பரணிலிருந்து வடிகட்டியை இறக்கி, காலிக்கூண்டில் மாட்டி ஓடவிட்டாள். மெர்லினைத் தூக்கிவந்து கூண்டின் கதவைத் திறந்தாள். குழந்தையின் தலை உள்ளே நுழையவில்லை. மெர்லின் மூக்கை மட்டும் உள்ளே வைத்து மூச்சை இழுத்தாள்.