மூன்றாவது தொலைநோக்கியின் அடியில்

பெட்ரீனா தலைநகர் வின்ட்ஹூக்கிலிருந்து புழுதிச் சாலையில் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தொலைநோக்கி நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில், உடன் வேலை பார்க்கும் மூத்தவர் ஹெங்காரி அவளுக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றி வைத்திருந்தார்.

"வா தங்கச்சி. வழியில பபூன் குரங்கோட குடும்பம் நடத்திட்டு வர்றியா?"

"டயர் பஞ்சர்ண்ணே. நக்கல் போதும், அந்தக் காஞ்ச கறிய இப்படித் தள்ளுங்க."

நிலா இல்லாத இரவுகளில்தான் அங்கே வேலை. என்றோ வெடித்துச் செத்த நட்சத்திரத்தின் சிதறலிலிருந்து காமாக் கதிர்கள் வந்து காற்றில் மோதும்போது, மிக மெல்லிய நீல மினுக்கம் ஒன்று தோன்றி மறையும். அதைப் பிடிக்கத்தான் அந்த ராட்சதக் கண்ணாடிகள். வெளியே தீக்குச்சி வெளிச்சம்கூட ஆகாது.

அன்று மூன்றாவது தொலைநோக்கியின் கேமரா மூடி திறக்கவில்லை. ஹெங்காரி உறையவைக்கும் குளிருக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு இருட்டுக்குள் இறங்கினார். பெட்ரீனா இருட்டிலும் படம் காட்டும் கண்காணிப்புத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியின் அடியில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் குனிந்து நின்றது.

கதவு தட்டப்பட்டது.

"திற தங்கச்சி. விழுந்துட்டேன், கணுக்கால் போச்சு."

ஹெங்காரியின் குரல்.

உள்ளிருந்து மட்டுமே திறக்கும் கதவு அது. எழுந்தவள் திரையைப் பார்த்தாள். உருவம் இன்னும் அங்கேயே நின்றது.

"விளையாடாத. குளிர் தாங்கல."

கையைத் தாழ்ப்பாளில் வைத்தாள். அவள் விரல்களின் மேல் ஐஸ் போல ஏதோ படிந்து அழுத்தியது. அலறிக்கொண்டு உதறினாள். மறுபடி படிந்தது. மறுபடி உதறினாள்.

திரும்பிப் பார்த்தபோது திரையில் யாரும் இல்லை.

வெளியே இருப்பவர்தான் மனிதர் என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்தும் மேசைக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டாள். கெஞ்சல் முனகலாகி, முனகல் பற்கள் தந்தியடிக்கும் சத்தமாகி, பிறகு அதுவும் நின்றது.

விடிந்த பிறகே திறந்தாள். ஹெங்காரி சுவரோடு ஒடுங்கிக் கிடந்தார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. உயிர் இருந்தது.

"கதவத் திறந்தா வெளிச்சம் வெளிய போயிடுமேன்னுதான்ணே..."

யோசிக்கும் முன்பே வாயில் வந்த பொய். அவரை வண்டியின் முன்சீட்டில் உட்காரவைத்துக் கம்பளியைப் போர்த்தியபோது, "நன்றிங்க" என்றார். அந்த 'ங்க' அவள் முகத்தில் அறைந்தது.

பாதி வழியில் அவரே பேசினார்.

"வெளிச்சத்த மறைக்கிற ஜன்னல் துணி கொஞ்சம் விலகியிருந்துச்சு. பார்த்தேன். கதவத் திறக்கணும்னு அந்தப் பெரியவர் எத்தனை தடவ தாழ்ப்பாள்ல கை வச்சாரு! நீங்கதான் தட்டித் தட்டி விட்டீங்க."

"எந்தப் பெரியவர்?"

ஹெங்காரி கண்களை மூடிக்கொண்டார். "பின்னாடிதான உக்காந்திருக்காரு."

வண்டிக்குள் பழைய புகையிலை வாசம் எழுந்தது. பெட்ரீனாவால் தலை நிமிர்ந்து வண்டியின் பின்பார்வைக் கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை. யார் முகத்தைப் பார்ப்பது, எந்த முகத்தோடு?

இரண்டு இருக்கைகளுக்கும் இடையில் ஒரு முதிய கை நீண்டது. ஹெங்காரியின் தோளிலிருந்து நழுவிய கம்பளியை மெதுவாக இழுத்து மூடிவிட்டது.