சுமனா ராணியின் எண்ணெய்த் தொட்டி

செக்காட்டி திஸ்ஸனும் அவன் மனைவி உப்பலியும் எண்ணெய்க் குடங்களோடு பாடலிபுத்திர அரண்மனைக்கு வேலைக்கு வந்தார்கள்.

சக்கரவர்த்தி புண்டகர் செத்துப்போன ராணி சுமனாவை எரிக்க விடவில்லை. இரும்புத் தொட்டியில் நல்லெண்ணெய் நிரப்பி, உள்ளே கிடத்தி, கனத்த மூடி போட்டு வைத்திருந்தார். சாயங்காலமானால் வந்து முகம் பார்ப்பார். பெற்ற அப்பனைக் கொன்று பட்டத்துக்கு வந்தவருக்கு இத்தனை பாசம் எங்கிருந்து பொங்கியதோ!

ராணியின் முகத்தில் காற்றுப் படக்கூடாது. குறையக் குறைய எண்ணெய் ஊற்ற வேண்டும், வேலை அவ்வளவுதான். ஆனால் விடிந்தால் எண்ணெய் ஒரு சாண் இறங்கியிருக்கும். தரையிலோ ஒரு சொட்டுக்கூட இருக்காது.

"பூனை கீனை குடிக்குதாடி?" என்றான் திஸ்ஸன்.

"இந்த மூடிய பூனை தூக்குமா? உன் மூளையத்தான் முதல்ல செக்குல போட்டு ஆட்டணும்."

அன்று சாயங்காலம் ராணியின் மூக்கு நுனி வெளியே தெரிந்தது.

"எண்ணெய் தீந்துபோச்சு, மகாராஜா. வண்டி நாளைக்குத்தான் வரும்" என்று திஸ்ஸன் காலில் விழுந்தான்.

சக்கரவர்த்தி கோபப்படவில்லை.

"ஒரு ஆள உள்ள இறக்கினாலும் எண்ணெய் ஏறுமேப்பா. நாளைக்கும் மூக்கு தெரிஞ்சா, அவளுக்கு அடியில நீ படு."

மறுநாள் வண்டியைத் தேடி திஸ்ஸன் ஆற்றுத்துறைக்கு ஓடினான். உச்சிவேளையில் உப்பலி தனியாக மூடியை நகர்த்தினாள். எண்ணெய் சிக்கேறிய வாடை குப்பென்று அடித்தது.

ராணியின் வாய் திறந்திருந்தது.

மடக்.

தொண்டை அசைந்தது.

உப்பலி மூடியை விட்டுத் துள்ளி விலகினாள். ஆனாலும் குனிந்து கெஞ்சினாள். "குடிக்காதீங்கம்மா... எம்புருஷன் உசுரு போயிரும்மா..."

சத்தம் நின்றது.

பொழுது சாயும்போது மறுபடி வந்தாள். மூடி திறந்தே கிடந்தது. எண்ணெய் விளிம்புவரை தளும்பியது. "மகராசி, காப்பாத்திட்டியே!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

வாசல் காவலன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "வண்டி வரலம்மா."

உப்பலி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ராணியின் தோளுக்கு அடியில், கண் திறந்தபடி திஸ்ஸன் கிடந்தான்.

தொட்டிக்கு மறுபுறம், அவள் கண்ணில் படாத இடத்தில், சக்கரவர்த்தி நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். "இப்பத்தான் சரியா இருக்கு" என்றார்.

மடக்.

உடனே, சற்று ஆழத்திலிருந்து, இன்னொரு மடக்.

விளிம்பிலிருந்து எண்ணெய் கண்ணெதிரே இறங்கியது. ராணியின் மூக்கு நுனி மெல்ல வெளியே வந்தது.

சக்கரவர்த்தி திரும்பி, உப்பலியை ஏற இறங்கப் பார்த்தார்.